அழைப்பிதழின் இரண்டாவது வரி: நெல்லைச் சீமையிலிருந்து ஓர் இளம் வயலின் கலைஞர் எப்படி உருவாகிறார்?

கோயில் திருவிழாவுக்காக அச்சடிக்கும் கச்சேரி அழைப்பிதழில் பாடகரின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்தில் புகைப்படமும் இருக்கும். அதற்குக் கீழே எழுத்தின் அளவு சட்டென்று இறங்கிவிடும். வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று இரண்டு வரிகள். இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவதும் அந்த வரிகள்தான். ‘பக்கவாத்தியங்களுடன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இளம் வயலின் கலைஞர் ஒருவரின் தொழில் வாழ்க்கையில் முதல் பத்து ஆண்டுகள் பெரும்பாலும் இந்தச் சிறிய எழுத்துக்குள்தான் கழிகின்றன.

தனிக் கச்சேரி, விருது, வெளிநாட்டுப் பயணம் என்று செய்தியாக வருவதெல்லாம் அதற்குப் பிந்தியவை. ஆகவே ‘இளம் வயலின் மேதை’ என்று யாரைப் பற்றியாவது படித்தால் நான் முதலில் தேடுவது, அவர் யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார் என்பதைத்தான். எத்தனை விதமான பாட்டுக்கு ஈடுகொடுத்தாரோ அந்த அளவுக்கு வித்தை தேறியிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்து வயலின் கற்கும் பிள்ளைக்கு நெருக்கடி வருவது இந்த இடத்தில்தான். கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. கேட்டு வளர நல்ல சங்கீதம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க அத்தனை பாடகர்கள் ஊரில் இல்லை.

இத்தனைக்கும் இந்த வட்டாரத்துக்கு வயலின் நேற்று வந்த வாத்தியம் அல்ல. கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படும் பாலுசுவாமி தீட்சிதர் 1786-இல் பிறந்தவர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. சென்னையில் மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, நம் ராகங்களை அதில் வாசித்துக் காட்டினார். பின்னாளில் அவர் சமஸ்தான வித்வானாக அமர்ந்த ஊர் எட்டயபுரம். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தாலும் அந்நாளில் அது திருநெல்வேலிச் சீமைதான். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் காலமானதும் அங்கேதான். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனாகவும் தத்துப் பிள்ளையாகவும் வளர்ந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற இசை நூலை வெளியிட்டதும் அதே ஊரிலிருந்துதான். அவர் மறைந்தபோது எட்டயபுரத்துப் பாரதி இரங்கற்பா எழுதினார்.

மலைக்கு மேற்கே திருவனந்தபுரத்தில் இன்னொரு கதை. தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அரசவையில் வயலின் வாசித்தார். மன்னர் 1834-இல் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். வயலின் நம் வாத்தியமாக மாறிய அந்தத் தொடக்க காலத்தில் அதற்கு ஆதரவளித்த இரண்டு அரசவைகளுக்கும் இடையில் கிடக்கிறது தாமிரபரணிக் கரை. ஊர்ப்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அரசவை இருந்தவரை வித்வான் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. ஊருக்கு வருகிற பாடகர்கள் எல்லாரும் அவரைத் தேடித்தான் வந்தார்கள். அரசவை போய், கச்சேரி நடத்தும் சங்கமான சபா வந்ததும் கணக்கு தலைகீழாகிவிட்டது. 1928-இல் சென்னையில் மியூசிக் அகாடமி தொடங்கியது; தொடர்ந்து வேறு சபாக்கள் பெருகின. பாடகர்கள் சென்னையில் குடியேறினார்கள். பாடகர் இருக்கும் ஊரில்தான் பக்கவாத்தியத்துக்கு வேலை.

வயலினை நாம் எப்படி நம்முடையதாக்கிக்கொண்டோம் என்பதைக் கொஞ்சம் பார்த்தால், இளம் கலைஞர் எதைக் கற்கிறார் என்பது புரியும். மேற்கத்தியக் கலைஞர் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ, தாடைக்கும் தோளுக்கும் இடையில் வயலினைப் பிடிப்பார். நம்மவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தின் கணுக்காலருகே ஊன்றி, மறுமுனையை மார்போடு சேர்த்துவிடுவார். இரண்டு பக்கமும் தாங்கல் இருப்பதால் வாத்தியத்தின் பாரம் இடது கையில் இறங்குவதில்லை. தந்தியின் மேல் விரல் தடையில்லாமல் மேலும் கீழும் வழுக்கிப் போகலாம். தோடி ராகத்தின் ‘க’வான காந்தாரத்தையும் பைரவி ராகத்தின் ‘நி’யான நிஷாதத்தையும் அசைத்து வாசிக்க இந்தச் சுதந்திரம் வேண்டும். ஒரு சுரத்தில் விரலைக் குத்தி நிறுத்துவது மேற்கத்திய வித்தைக்கு அடிப்படை. நமக்கோ இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள வழிதான் ராகம்.

தந்தி கூட்டும் முறையும் வேறு. நாலாவது தந்தியில் மந்தர (கீழ் ஸ்தாயி) ஷட்ஜம், மூன்றாவதில் மந்தர பஞ்சமம், இரண்டாவதில் மத்திய ஷட்ஜம், முதல் தந்தியில் மத்திய பஞ்சமம். ச-ப-ச-ப. இதில் ஷட்ஜம் எது என்பதைப் பாடகரின் குரல் முடிவு செய்கிறது. அந்தச் சுருதியின் உயரத்தைத்தான் ‘கட்டை’ என்று எண்ணிச் சொல்வார்கள். ஆண் பாடகர் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடுவார். பெண் பாடகர் ஐந்து, ஐந்தரை கட்டைக்குப் போவார். நேற்று ஒரு கட்டையில் வாசித்த வயலினை இன்று ஐந்து கட்டைக்கு ஏற்றினால் என்ன ஆகும்? தந்தியை இறுக்கும் பிருடையை முறுக்கும்போதே முதல் தந்தி அறுந்தாலும் ஆச்சரியமில்லை. அறாமல் தாங்கினாலும் புதிய இழுவிசைக்குத் தந்தி பழகும்வரை பாட்டுக்குப் பாட்டு சுருதி நழுவும். மறுபுறம், மேல் கட்டைக்கென்று போட்ட மெல்லிய தந்தியைக் கீழே இறக்கினால் தளர்ந்து, நாதம் சவசவவென்று கேட்கும். இதனால்தான் தொழிலில் இருப்பவர்கள் ஆண் குரலுக்கு ஒன்று, பெண் குரலுக்கு ஒன்று என்று இரண்டு வயலின் வைத்துக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் இருப்பவரிடம் ஒன்றுதான் இருக்கும். இரண்டாவது வயலினை வாங்கும் நாளைத்தான் தொழில் தொடங்கிய நாள் என்று கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அரங்கேற்றத்துக்குப் பட்டுப்புடவையும் பந்தலும் இருக்கலாம். ஆனால் இரண்டாவது வயலின் வாங்க, யாராவது தொடர்ந்து கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த நிலைக்கு வருவதற்குள் எத்தனை ஆண்டு சாதகம் (பயிற்சி) தேவைப்படும் என்பதற்குத் திட்டமான விடை கிடையாது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்ற படிகள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஏறும் வேகத்தை வீடு தீர்மானிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் வயலின் மும்மூர்த்திகள் என்று சொல்லப்படும் லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் ஆகிய மூவருக்கும் முதல் குரு தந்தையே: லால்குடிக்கு கோபால ஐயர், கிருஷ்ணனுக்கு நாராயண ஐயர், எம்.எஸ்.ஜி.க்குப் பரூர் சுந்தரம் ஐயர். லால்குடி 12 வயதில் பக்கவாத்தியமாக மேடையேறிவிட்டார். அப்பாவே குரு என்றால் வகுப்பு முடிவதே இல்லை. அடுப்படியிலிருந்தபடியே தப்பைத் திருத்தும் வீடு அது. பாளையங்கோட்டையில் வங்கி ஊழியரின் மகளாகவோ, அம்பாசமுத்திரத்தில் பள்ளி ஆசிரியரின் மகனாகவோ பிறந்த பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு வகுப்புகள்தான். மீதி ஐந்து நாள்களும் தப்பு தப்பாகவே விரலில் ஏறக்கூடும்.

அந்த இடைவெளியை நிரப்ப அரசு வழி ஒன்று உண்டு. திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது; குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு துறைகளில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. கச்சேரிக் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைக்கு அந்த வாசல் முக்கியமானது. வயலின் வகுப்புக்குப் பக்கத்து அறையில் தேவாரமும் நாதசுரமும் கேட்கும் என்பது அதன் கூடுதல் வசதி. மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி 1939-இல் தொடங்கியபோது அதன் முதல் முதல்வராகப் போய் அமர்ந்தவர் நம் நெல்லைச் சீமை அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். தென்கோடியிலிருந்து இசை படிக்க அங்கே போவதற்கு அப்படியொரு முன்னோடி உண்டு.

படித்து முடித்தவர் பக்கவாத்தியம் வாசிக்கத் தயாராகிவிட்டாரா என்றால், இல்லை. தனியாக ஒரு வர்ணத்தை இரண்டு காலங்களில் சுத்தமாக வாசிப்பவர்கூடப் பாடகர் பக்கத்தில் உட்கார்ந்த முதல் நாள் திணறிப்போவார். காரணம் எளிது. நம் கச்சேரிக்கு ஒத்திகை பார்க்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பாடகர் என்ன பாடப்போகிறார் என்பது பல சமயம் மேடையில் முதல் சொல் வாயிலிருந்து வரும்போதுதான் தெரியும். ராகத்தைச் சொல்லில்லாமல் விரித்துப் பாடும் ஆலாபனையில் பாடகர் ஒரு பிடியை (ராகத்தின் சிறு துணுக்கை) பாட, அது முடியும் முன்பே வயலின் அதைத் தொட்டுத் தொடர வேண்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அவர் விட்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முந்தினால் அதிகப்பிரசங்கி. ரொம்பப் பிந்தினால் பாடகரின் அடுத்த பிடியில் கால் இடறும். பாடகர் மேல் ஷட்ஜத்தை நோக்கிப் படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கும்போது, ஆர்வக் கோளாறில் வயலின் முதலில் அங்கே போய் நின்றுவிட்டால், கோபுரம் கட்டி முடிக்கும் முன்னாலேயே கலசம் வைத்தது மாதிரி ஆகிவிடும். பாடகர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அடுத்த மாதம் கூப்பிடமாட்டார்.

கீர்த்தனையில் வேறு வகைச் சோதனை. தெரிந்த பாட்டு என்றால் கூடவே வாசிக்கலாம். ஆனால் சாகித்யம் (பாட்டின் சொற்கள்) தெரிந்து வாசிப்பதற்கும் சுரம் மட்டும் தெரிந்து வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடு வில்லில் வெளிப்பட்டுவிடும். சொல் பிரியும் இடத்தில் வில் திரும்ப வேண்டும். சொல்லின் நடுவே வில் திரும்பினால் சுரம் சரியாக இருந்தும் பாட்டு உடைந்து கேட்கும். வயலின் மாணவர்களை நல்ல ஆசிரியர்கள் முதலில் வாய்விட்டுப் பாடச் சொல்வது இதனால்தான். தெரியாத பாட்டு என்றால் பல்லவியின் முதல் வரியைக் கவனித்து, தாளத்தையும் எடுப்பையும் (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை) பிடித்து, பாடகர் அதே வரியைச் சங்கதி சங்கதியாக, மெட்டைச் சற்றே மாற்றி மாற்றி, திருப்பிப் பாடும் அவகாசத்தில் கற்றுக்கொண்டுவிட வேண்டும். மேடையில், மைக் முன்னால், சபையோர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

உள்ளூர்ப் பாட்டுகள் விஷயத்தில் சிறு முன்யோசனை உதவும். நெல்லையப்பர் கோயில் மேடை என்றால் தீட்சிதர் காந்திமதியம்மன்மேல் பாடிய ‘ஸ்ரீ காந்திமதீம்’ எந்த நேரமும் வரலாம். 58-ஆவது மேளமான (தாய் ராகமான) ஹேமவதியில் அமைந்தது. தீட்சிதர் சம்பிரதாயத்தில் அந்த ராகத்துக்கு தேசிசிம்மாரவம் என்று பெயர். பாடகர்கள் பலர் அந்த ஊருக்கு வரும்போது மட்டும் அதைத் தூசி தட்டி எடுப்பார்கள். அவர்களே கொஞ்சம் தடுமாறும் பாட்டில், கூட வாசிப்பவருக்குப் பாடம் இருந்தால் அன்றைக்குப் பாடகர் மனத்தில் அவர் பெயர் பதிந்துவிடும்.

சுரங்களை அந்தந்த நேரத்தில் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம்தான் சபையோருக்குப் பிடித்த கட்டம். பாடகர் ஒரு சுற்று, வயலின் ஒரு சுற்று என்று மாறி மாறிப் போய், குறைப்பு என்ற கட்டத்தில் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு வட்டம்) பாதி, கால் என்று சுருங்கும். கடைசியில் பாடகர் ஒரு கோர்வை (கணக்காகக் கோத்த சுர முடிப்பு) வைத்து முடிப்பார். அதை வயலின் அப்படியே திருப்பி வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வாசித்துவிட்டால் கைதட்டல் அள்ளும். பாதியில் கணக்கு விட்டுப்போனால் கடைசி வரிசைக்காரருக்கும் தெரிந்துவிடும். துணிச்சலுக்கும் அடக்கத்துக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதைப் புத்தகத்திலிருந்து கற்க முடியாது. ஆலாபனையில் தனக்கு வரும் முறையைப் பாடகர் எடுத்த நேரத்தைவிடக் குறைவாகவே முடித்துக்கொள்வது மரபு. அந்தக் குறைந்த நேரத்தில் ராகத்தின் முகத்தைக் காட்டிவிடுபவரைப் பெரிய வித்வான்கள் கவனிப்பார்கள்.

இந்தப் பழக்கம் முழுவதும் எண்ணிக்கையில்தான் வரும். சவுக்கமாக, அதாவது மெதுவாகப் பாடுபவர், துரித காலத்தில் ஓடுபவர், கணக்கில் ஆசை உள்ளவர், ஸ்வரமே பாடாதவர் என்று பத்துப் பேருக்கு வாசித்தால் பத்துவிதக் காது வருகிறது. ஒரே பாடகருக்கு ஐம்பது கச்சேரி வாசித்தாலும் அந்தக் காது வராது. சென்னையில் இருக்கும் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் இந்த வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. நெல்லையில் ஆனித் திருவிழா, நவராத்திரி, மார்கழி என்று பருவம் பார்த்துத்தான் வரும்.

ஆனால் இங்கே மட்டும் கிடைப்பதும் உண்டு. முதலாவது, நாதசுரம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) இந்தத் தாமிரபரணிக் கரைக்காரர். சாமி புறப்பாட்டில் ஒரு ராகத்தை அவசரமில்லாமல் நெடுநேரம் விரித்து வாசிக்கும் மரபைக் கேட்டு வளர்ந்த காது, சபா மேடையின் பத்து நிமிட ஆலாபனையை மட்டும் கேட்டு வளர்ந்த காதைவிட ஆழமானது என்று நான் நினைக்கிறேன். நாதசுரத்தில் சுரம் அறுந்து விழுவதில்லை; மூச்சு நீளும்வரை நீள்கிறது. வில்லை நிறுத்தாமல், திருப்புவது தெரியாமல் நீளமாக இழுக்கப் பழகும் வயலின் மாணவருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. இப்போது பல புறப்பாடுகளில் சுருக்கமாக வாசித்து முடித்துவிடுகிறார்கள், ஒலிபெருக்கி வேறு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்பதும் உண்மைதான்.

இரண்டாவது, வானொலி. திருநெல்வேலி நிலையம் 1963-இல் தொடங்கியது. அகில இந்திய வானொலி கலைஞர்களை பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிக்கிறது. அதற்கான தேர்வில் ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் மதிப்பிடுவார்கள். யாருடைய பிள்ளை, யாருடைய சீடர் என்ற சிபாரிசுக்கு அங்கே இடம் குறைவு என்பதே சிற்றூர்க் கலைஞருக்குப் பெரிய ஆறுதல். தேறாதவர் குறிப்பிட்ட காலம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். முதல் முயற்சியில் போய்விட்டது என்று வயலினை மூடி வைத்தவர்களும் உண்டு, மூன்றாம் முயற்சியில் தேறி ஏ வரை போனவர்களும் உண்டு.

தேர்வறையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் மேடைப் பழக்கம் அங்கே உதவாது. சுவரெல்லாம் ஒலி உறிஞ்சும் பலகை. வீட்டுக் கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் எதிரொலி சேர்ந்து நாதத்தை நிறைத்துக் காட்டும். ஸ்டுடியோவில் அந்த உதவி இல்லை. வில் தந்தியில் உரசும் கரகரப்பு, விரல் அரைச்சுரம் பிசகி உட்கார்ந்து பிறகு சரியான இடத்துக்கு நகர்வது, எல்லாம் பளிச்சென்று பதிவாகும். தம்பூரா ஓசை மட்டும் காதில் இருக்கும். தலையாட்ட எதிரே ஆள் கிடையாது. பட்டியலில் எழுதிக் கொடுத்த ராகங்களில் எது கேட்கப்படும் என்று தெரியாது. மேடையில் சிரித்து மழுப்பப் பழகியவர்கள் இங்கே திருந்திப் போகிறார்கள். மாதக்கணக்கில் மேடையேறிக் கிடைக்காத பாடம் அரைமணி நேரத்தில் கிடைத்துவிடும்.

பி தரம் கிடைத்ததும் வாழ்க்கை மாறிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்பு நிலையக் கலைஞர் என்ற மாதச் சம்பள வேலை இருந்தது; பல வித்வான்களின் குடும்பம் அதில்தான் நிலைத்தது. அந்த இடங்கள் இப்போது முன்போல நிரப்பப்படுவதில்லை. இன்று வானொலித் தரம் சம்பளத்தைவிட அடையாளமாகவே பயன்படுகிறது: சபாச் செயலாளருக்கு அனுப்பும் குறிப்பில் பெயருக்குப் பின்னால் ஒரு வரி.

உதவித்தொகைகளை வயது வரிசைப்படி சொல்லிவிடலாம். மத்திய அரசின் சி.சி.ஆர்.டி. (கலாசார வள, பயிற்சி மையம்) திறனறி உதவித்தொகை 10 முதல் 14 வயதுக்கு. அகில இந்திய வானொலியின் இசைப் போட்டி 16 முதல் 24 வரை. கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வரை. சங்கீத நாடக அகாடமி 2006-இல் ஏற்படுத்திய உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. இந்தத் துறையில் 40 வரை இளைஞர்தான். கிரிக்கெட்டில் அந்த வயதுக்காரர் வர்ணனையாளர் ஆகியிருப்பார்.

பணக் கணக்கைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை, அதனால் இங்கே பேச வேண்டும். உள்ளூர்க் கச்சேரியில் அமைப்பாளர் மொத்தமாக ஒரு தொகையைப் பாடகரிடம் சொல்வார். பாடகர் அதில் பக்கவாத்தியங்களுக்குப் பிரித்துத் தருவார். சில இடங்களில் தனித்தனிக் கவர். எப்படியானாலும் வயலினின் கவர் மெல்லியது. அம்பாசமுத்திரத்திலிருந்தோ கல்லிடைக்குறிச்சியிலிருந்தோ வெளியூர் போய் வாசித்துவிட்டு இரவு கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால், கார் வாடகைக்கே சன்மானம் சரியாகிவிடும். தந்தி அடிக்கடி மாற்ற வேண்டும். வில்லுக்கு மயிர் புதுப்பிக்க வேண்டும். பிக்கப் மைக் வேண்டும். முதல் சில ஆண்டுகள் பெற்றோர்தான் இந்தக் கலையின் புரவலர்கள். அப்பா ஓய்வு பெறும் ஆண்டுக்கும் பிள்ளை வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும் ஆண்டுக்கும் தொடர்பு இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

ஆகவே பொறியியல், வணிகவியல் என்று ஒரு பட்டம் கூடவே ஓடுகிறது. இதைக் கலைக்குச் செய்யும் துரோகம் என்று சொல்பவர்கள் தம் வீட்டுப் பிள்ளையை இசைக் கல்லூரியில் சேர்த்த பிறகு சொல்லட்டும். வாடகை கட்டச் சம்பளம் வந்துகொண்டிருந்தால் வேண்டாத கச்சேரியை மறுக்கும் தைரியம் வருகிறது. ஆனால் பக்கவாத்தியக்காரரின் தொழில் தொலைபேசியில் நடப்பது. ‘நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வர முடியுமா தம்பி?’ என்று பெரியவர் ஒருவர் கேட்கும்போது, அலுவலகத்தில் விடுப்பு கேட்டுச் சொல்கிறேன் என்றால் அவர் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். இளையவருக்கு வரும் பெரிய வாய்ப்புகளில் பாதி இப்படி வேறொருவர் வர முடியாமல் போனதால் வருபவை.

சென்னை டிசம்பர் சீசன் இந்தத் தொலைபேசி வாழ்க்கையின் உச்சம். பெரிய சபாக்களில் நண்பகலும் பிற்பகலும் இளையவர்களுக்கு, மாலை மூத்தவர்களுக்கு. நண்பகல் கச்சேரிக்கு வாசிக்கும் இளம் வயலின் கலைஞருக்கு எதிரே முன்வரிசையில் சில முதியவர்களும், கேண்டீன் சாப்பாட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களும் இருப்பார்கள். அவர்களை லேசாக நினைக்கக் கூடாது. அந்த முதியவர்களில் ஒருவர் மூத்த பாடகராக இருக்கலாம், விமர்சகராக இருக்கலாம், இன்னொரு சபாவின் செயலாளராகவும் இருக்கலாம். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து, மேல் படுக்கையில் வயலின் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்காமல் வந்து, பன்னிரண்டு மணிக் கச்சேரியில் உட்காரும் பிள்ளைக்கும், மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வரும் பிள்ளைக்கும் ஒரே மேடைதான். விரல்கள் ஒரே நிலையில் இருக்காது. அதனால் பெரும்பாலோர் நவம்பர் கடைசியிலேயே சென்னையில் உறவினர் வீட்டில் இடம் பிடிக்கிறார்கள். ஒரு சீசன் அப்படிப் போகும்; மறு ஆண்டு அறை எடுப்பார்கள்; அதற்கடுத்து முகவரியே மாறிவிடும்.

பெண்களுக்கு இந்தப் பாதையில் தட்ட வேண்டிய கதவு இன்னும் ஒன்று கூடுதல். பெண்ணைப் பக்கவாத்தியமாக வைத்துக்கொள்ள மறுத்த ஆண் பாடகர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். வெளிப்படையாகச் சொல்லாமல் வேறு பெயரைப் பரிந்துரைப்பது அவர்களின் வழி. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண் பாடுவதற்கு 2006 வரை ஆனது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் ஒரு பெண் வயலின் கலைஞருக்கு, ஏ. கன்யாகுமாரிக்கு, 2016-இல்தான் முதல்முறை போனது. கச்சேரி முடிய இரவு பத்து மணி ஆகும் வெளியூர்களுக்கு மகளைத் தனியே அனுப்பத் தயங்கும் குடும்பத்தில், அம்மாவும் கூடவே கிளம்புகிறார். அமைப்பாளர் கொடுக்கும் பயணச் செலவில் அந்த டிக்கெட் சேராது.

தனி வயலின் எப்போது? பக்கவாத்தியம் ஓரளவு நிலைத்தபின் வருவதுதான் இதுவரை பெரும்பாலும் நடந்திருக்கிறது. இப்போது சிலர் பதினைந்து வயதிலேயே தனிக் கச்சேரி என்று காணொளி போடுகிறார்கள். வேகமான தில்லானாவும் துரித ஸ்வரமும் ஒரு நிமிடத் துண்டில் எடுபடும். யாருக்கும் பின்னால் போகாமல் வளர்ந்த கை, சவுக்க காலத்தில் ஒரு பதத்தை எடுத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் நெளிவதையும் நான் கேட்டிருக்கிறேன். காணொளியைக் குறை சொல்ல மாட்டேன். நெல்லையில் இருந்துகொண்டே வெளிநாட்டு மாணவர்களுக்கு இணையவழி வகுப்பு எடுத்து இரண்டாவது வயலினை வாங்கியவர்கள் அதனால்தான் வெளியே தெரிந்தார்கள்.

சென்னைக்குப் போகாமல் தங்கிவிட்டவர்களைத் தோற்றவர்களாகப் பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நியாயமில்லை. ஊரில் தங்கிய கலைஞர் வாரத்தில் ஐந்து நாள் கற்றுக்கொடுக்கிறார், வானொலிக்கு வாசிக்கிறார், நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அழைப்பு வந்தால் போகிறார். பரதநாட்டியப் பள்ளிகளின் அரங்கேற்றங்களில் வயலின் தேவைப்படுகிறது. அங்கே ஒத்திகையும் உண்டு, சன்மானமும் முன்கூட்டியே பேசிவிடலாம் என்பதால் சிலர் அதையே விரும்புகிறார்கள். பெயர் வெளியே வராது, வருமானம் வரும். மார்கழி பிறந்தால் சென்னை போனவர்கள் யாரும் ஊரில் கிடைக்கமாட்டார்கள் என்று கோயில்காரர்களுக்குத் தெரியும். திருப்பாவைக் கச்சேரிக்கு வயலின் வேண்டுமென்று ஐப்பசியிலேயே இவர்களைப் பேசி வைத்துவிடுகிறார்கள்.